சூட்டில் எடுக்காத வண்டி

வெயில் தாழும் நேரத்தில் அவள் பட்டறை வாசலில் காரை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப எடுக்காது, அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"காலையில சாவியைத் தொட்டா எடுக்குதுண்ணே. ஓடி சூடானதும் நிறுத்தினா, பிடிக்கவே மாட்டேங்குது. ஆறினா தானா எடுத்துக்குது."

மெக்கானிக் கையைத் துடைத்தபடி வண்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"பழைய வண்டின்னா அப்படித்தான், கிடக்கட்டும்கறார். நடுரோட்டுல ஹாரன் சத்தம் கேட்டுட்டு நிக்கறது நான்தானே."

வண்டி, வீடு, அடுப்படி எல்லாமே முன்பு இன்னொருத்தியுடையவை. கணவனின் முதல் மனைவி. இவள் அவளைப் பார்த்ததில்லை. மனசுக்குள் அக்கா என்று கூப்பிடுவாள். இழுப்பு நோய்க்காரி. மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், இந்த வண்டியிலேயே இறந்தாள். மருந்துக்கடையில் நிறுத்திய வண்டி சூட்டில் திரும்ப எடுக்கவில்லை என்று கணவன் சொல்லியிருந்தான். சொல்லும்போது அவன் குரல் உடையும். அந்தக் குரலை நம்பித்தான் இவள் கழுத்தை நீட்டினாள்.

மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். இன்ஜினை அணைக்கச் சொல்லி, உடனே சாவியைத் திருப்பச் சொன்னார். செல்ஃப் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

ஒரு பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டிப் பிடித்தார். "இப்ப அடிங்க."

பொறி வரவில்லை.

"பெட்ரோல் வருது. நெருப்புதான் இல்ல. காயிலா இருக்கும். சூடானா படுத்துக்கும், கும்பகர்ணன் மாதிரி."

பக்கத்து வண்டியிலிருந்து நல்ல காயிலைக் கழற்றி மாட்டினார். பொறி இல்லை. ஈரத் துணியைச் சுற்றினார். இல்லை. காயிலிலிருந்து போகிற ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் வெடுக்கென்று கையை இழுத்தார்.

"சுட்டுடுச்சாண்ணே?"

"இல்லம்மா." விரல்களைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். "சில்லுன்னு இருக்கு."

அவளும் தொட்டாள். இன்ஜின் முழுக்க அனல் அடித்தது. அந்த ஒயரில் மட்டும், ஒரு கைப்பிடி அகலத்துக்கு, குளிர்ந்த ஈரம். வியர்த்த கை ஒன்று இறுக்கிப் பொத்திக்கொண்டிருக்கிற ஈரம். எண்ணெய்ப் புகையை மீறி, நெஞ்சில் தேய்க்கிற தைலத்தின் வாசனை வந்தது.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "மூத்தவங்க தவறினப்ப இந்த வண்டியை நான்தான் பார்த்தேன். சூடாக்கி சூடாக்கி நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் எடுத்துச்சு. அப்ப இதுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். செத்தவ திரும்பியா வரப்போறா, விடுங்கன்னார்."

ஒரு வருஷமாக எந்த மனிதனின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறோம் என்ற கேள்வி அவளுக்குள் எழுந்தது. அதைக் கேட்காமலே இருந்துவிடலாம். பெண்கள் எவ்வளவோ கேள்விகளை அப்படி மடித்து வைத்துவிடுகிறார்கள். இதை மடிக்க முடியவில்லை.

வேலை முடிந்து கணவன் நேரே பட்டறைக்கு வந்தான். "என்னண்ணே, என் பொண்டாட்டியும் ஸ்பேனர் பிடிச்சாளா?" என்று சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை. ஆறியிருந்த வண்டி சாவியைத் தொட்டதும் எடுத்தது.

ஊரைத் தாண்டி, ஆளில்லாத சாலையில் அவன் போன் அடித்தது. ஓரங்கட்டி, பழக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசினான். பேசி முடித்ததும் அவள் கேட்டாள்.

"என்னங்க, அக்கா போன அன்னைக்கு வண்டி நிஜமாவே எடுக்கலையா?"

அவன் கோபப்படவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தாள் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலையா?" என்றான். "எத்தனை வருஷம்டி? ராத்திரியானா கொய்ங் கொய்ங்குனு. தூக்கமே கிடையாது. அன்னைக்கு சாவி கையிலதான் இருந்துது. திருப்பல. அவ்வளவுதான். நான் அவளைத் தொடக்கூட இல்ல."

அவள் கதவோரமாக ஒதுங்கினாள்.

"உனக்கென்ன பயம்? சளிகூடப் பிடிக்காத பொண்ணாப் பார்த்துத்தானே கட்டினேன்."

சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றியது. பிடிக்கவில்லை.

"பாரு, நான் சொன்ன பொய்யைக்கூட வண்டி காப்பாத்துது." சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம். மெல்லிய விசில் போல. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

தைல வாசனை.

அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாளும் இருமியறியாதவனின் நெஞ்சிலிருந்து அதே விசில் வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். "ஆஸ்பத்திரி..."

அவள் இறங்கி ஓடி அவன் பக்கக் கதவைத் திறந்தாள். அவன் தவழ்ந்து அவளுடைய சீட்டுக்குப் போய்ச் சரிந்தான். அவள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

சாவியைத் திருப்பினாள்.

உடனே எடுத்தது.

இன்ஜின் பதமாக உறுமிக்கொண்டு காத்திருந்தது. அவளுக்காக யாரோ பிடியை விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி தொலைவில் இல்லை.

அவள் இன்ஜினை அணைத்தாள்.

யோசித்துச் செய்ததில்லை. செய்த பிறகுதான் யோசனை வந்தது. எவ்வளவு சுலபம் என்பதுதான் முதலில் தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டால் போதும். அவன் கண்கள் பிதுங்கி அவளைப் பார்த்தன. எந்தக் கெஞ்சலும் இல்லாத, வெறும் ஆச்சரியம். அதை அவள் ரசித்தாள். ரசித்தது எந்த இடத்தில் என்று தன்னுள் தேடினாள். கிடைத்த இடம், கேள்விகளை மடித்து வைக்கிற அதே பழகிய இடமாகவே இருந்தது.

பிறகு அவன் விரல்கள் அவள் புடவை முந்தானையைத் தேடிப் பிடித்தன. குழந்தை பிடிப்பது போல.

அவளுக்குள் என்னவோ அறுந்தது. "ஐயோ" என்று சாவியைத் திருப்பினாள்.

பிடிக்கவில்லை.

திருப்பினாள். திருப்பினாள். செல்ஃப் அலறியது.

"அக்கா, போதும்க்கா. விட்டுடுங்க. நான் இவர் மாதிரி ஆக வேணாம்க்கா."

பின்னால் மூச்சு ஒரே சீராக விசிலடித்தது.

ஒரு பைக் விளக்கு நெருங்கி வந்து வேகம் குறைந்தது. நல்ல வேளை, யாரோ ஒருவர். அவள் அவசரமாகக் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினாள், வழுக்கியது. பைக்காரன் அவளிடம் வரவில்லை. பின் ஜன்னலருகே நின்று குனிந்தான். யாரிடமோ ஏதோ கேட்டான். பதிலுக்குத் தலையாட்டினான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"சரிக்கா, சரிக்கா. பார்த்துப் போங்க."

அவள் கண்ணாடியை முழுக்க இறக்குவதற்குள் பைக் பக்கத்தில் வந்துவிட்டது. முந்தானையைப் பிடித்தபடியே கண்மூடிச் சாய்ந்திருந்தவனை அவன் எட்டிப் பார்த்தான்.

"பயப்படாதீங்கம்மா. அண்ணன் தூங்கறாராம், எழுப்ப வேணாம்னு பின்னாடி அக்கா சொன்னாங்க. வண்டி ஆறினதும் எடுத்துடுமாம்."

"இருங்க! நில்லுங்க!"

பைக்கின் இரைச்சலில் அது கேட்கவில்லை. சிவப்பு விளக்கு சிறிதாகிச் சிறிதாகி மறைந்தது. முந்தானையில் இருந்த பிடி தளர்ந்தது.

பின் ஜன்னலின் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று, அவசரமே இல்லாமல், கண்ணாடி மேலேறிக்கொண்டிருந்தது.