மூன்றாவது வாணம்

காணாமல் போன மகனுக்கு அரசு போட்ட விலை, ஓடித் தேய்ந்த ஒரு மோட்டார் சைக்கிளின் விலை. பேரத்துக்கே இடமில்லை. படகு எந்தச் சைகையும் காட்டாமல் மூழ்கியது என்று தாய் கையெழுத்துப் போட்டால் காசோலை கைக்கு வரும்.

அவள் பேனாவைத் தொடாமல் நேரே தராசிடம் வந்தாள். நிறுத்துப் பார்க்காமல் யார் சொல்லையும் வாங்காத துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் அது.

"காசு கிடக்கட்டும் ஐயா. என் பையன் கூப்பிட்டானா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

படகு திரும்பாத அந்த மாலை, துறைமுகத்து கிரேன் ஓட்டுநர் கடல்மேல் சிவப்பு வெளிச்சம் கண்டு விமானப்படைக்குச் சொல்லியிருந்தார். 'நீங்கள் பார்த்தது வெள்ளி கிரகம்' என்று பதில் வந்ததாம்.

"பறக்கும் தட்டு, மச்சான்!" தராசிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் தம்பி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"உட்காரு மாப்ளே. தட்டுல என்ன விழுதுன்னு முதல்ல பார்ப்போம்."

கிரேன் ஓட்டுநர் ஒளிக்காமல் சொன்னார். "மழை பிடிச்சுக்கிச்சு சார். வேலையை நிறுத்திட்டு மேலே கூண்டுலயே உட்கார்ந்திருந்தேன். சிவப்பா ஒண்ணு எரிஞ்சுது. மேகத்தோட அடிவயிறெல்லாம் சிவந்துபோச்சு. நம்ம கிரேன் உச்சிக் கொடி பறக்கிற பக்கமாவே நகர்ந்து, மெதுவா இறங்கி அணைஞ்சுது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. உடனே போன் பண்ணக் கீழே ஓடினேன்."

"போன்ல என்ன கேட்டாங்க?"

"வட்டமா நீளமா, ஜன்னல் இருந்துச்சா, நான் குடிச்சிருந்தேனா... விடவே இல்லை சார்."

மறுநாள் விமானப்படை அலுவலகத்தில், அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களைக் கவனிக்கும் அதிகாரியின் முன்னால் தராசு எல்லோரையும் உட்காரவைத்தார்.

"அந்த மழையில வெள்ளி எப்படி சார் தெரியும்? மேகத்தை அடியிலேர்ந்து சிவக்க வெச்சதுன்னா, அது மேகத்துக்குக் கீழே இருந்திருக்கு. கொடி பறந்த பக்கமே போச்சுன்னா, காத்து தள்ளியிருக்கு. மெதுவா இறங்குச்சுன்னா, குட்டி பாராசூட்டுல தொங்கியிருக்கு. படகுக்காரன் உயிர் போற நேரத்துல விடுற அபாய வாணம் அது."

அதிகாரி கோபப்படவில்லை. "இருக்கலாம். வந்தது நம்ம மேல பாயுமான்னு பார்க்கறதுதான் எங்க வேலை. ரேடார்ல ஒண்ணுமில்லை, மூடிட்டோம். வெள்ளின்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்கறதில்லை."

"கடல் மீட்புக்குச் சொன்னீங்களா?"

"அவங்க எதிர் அறை. இது வானத்தைப் பத்தின புகார். கடலைப் பத்தி யாரும் புகார் தரலையே."

"இப்பவாவது திறப்பீங்களா?"

"மூடினதைத் திறக்கணும்னா புதுசா ஏதாவது பறக்கணும்."

மைத்துனன் இம்முறை எழவில்லை.

"அப்போ கூப்பிட்டிருக்கான்," என்றாள் தாய். பிறகு கிரேன் ஓட்டுநரிடம் திரும்பினாள். "பெட்டியில மூணு வாணம் இருந்துச்சுப்பா. நானே எடுத்து வெச்சேன். மூணாவது?"

அவர் தலை குனிந்தது. "நான் ரெண்டுதான்மா பார்த்தேன். அப்போ கீழே போன்ல, ஜன்னல் இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க."

அவள் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த 'சைகை இல்லை' காகிதத்தையும் ஒரு பேனாவையும் அதிகாரி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவைத் தொடாமல் விரல்களை மடக்கி எண்ணினாள். மூன்று வாணம். இரண்டு வெள்ளி கிரகத்தின் கணக்கில் போய்விட்டன. ஒன்று பாக்கி.