பதினேழாம் எண் தூசி

பாலைவனத்தின் மூச்சையே பிடித்துப் பெட்டிக்குள் அடைத்தவர் பேராசிரியர் ராஜகோபால் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. 1976 ஆடியில் ஒரு காலை, அந்த மேதை திருத்தணி மலையடி விடுதியின் மொட்டைமாடியில் ஒற்றைச் செருப்போடு நின்று கத்திக்கொண்டிருந்தார். கீழே பாறைமேல் அவருடைய உதவியாளன் கங்காதரன் செத்துக் கிடந்தான்.

காற்று விடாமல் அடித்தது. பிணத்தின் திறந்த கண்களில் செம்மண் புழுதி படிந்துகொண்டிருந்தது. மூடிவிட யாருக்கும் துணிவில்லை.

மணி 6.40. சப் இன்ஸ்பெக்டர் கோதண்டம் பிணத்தின் விரல்களைப் பிரித்தார். உள்ளே கிழிந்த பாதித் தாள். ஒரு பக்கம் பழுப்புத் தூசி, ஓரத்தில் 17 என்ற எண். அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

"ஜெய்சல்மேர் பாலைவனக் காற்றை மெஷினால உறிஞ்சி வடிகட்டின தாள்!" என்றார் பேராசிரியர். "பெருக்கறவ எல்லம்மாள் திருட வந்தா. கங்காதரன் தடுத்தான், தள்ளிட்டா. என் கண்ணால பார்த்தேன்."

எல்லம்மாளின் கைகளை ஏற்கெனவே கயிற்றால் கட்டியிருந்தார்கள். கொலைக்குத் தூக்கு என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"தூசிய வாரி வெளிய கொட்றதுதாங்க என் வேலை. அத்த எதுக்கு நான் திருடப்போறேன்?" என்றாள். "ரெண்டு பேரும் மேல சண்ட போட்டுகினு இருந்தாங்க. இந்த ஐயா பக்கத்து ஊரு அம்மையார்குப்பத்து மாப்பிள்ளையாச்சேன்னு நான் குறுக்க போவல."

"மாப்பிள்ளையா?"

"ஆங். மாமனாரு வூட்ல பவர்லூம் ஓடுதுங்க."

கோதண்டம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். தூசிக்கு நடுவே மெல்லிய வெள்ளை இழைகள். விடுதியின் மருந்துப் பெட்டியிலிருந்து அயோடின் வாங்கி ஒரு சொட்டு விட்டார். தூசி கருநீலமாயிற்று.

"மத்த தாளெல்லாம் எங்க சார்?"

"மாடி ரூம்ல, இரும்புப் பெட்டியில. சாவி என் உடம்பை விட்டு ஒரு நிமிஷம்கூடப் போனதில்லை."

"தெறங்க."

பேராசிரியர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பேண்ட்டுக்குள் கைவிட்டு, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. கான்ஸ்டபிள்கள் மரியாதையாக மலையைப் பார்த்தார்கள்.

பெட்டிக்குள் எண் போட்ட உறைகள் ஒழுங்காக நின்றன. பதினேழாவது உறையில் தாளின் மறுபாதி இருந்தது.

"சாவி உங்க இடுப்புல. இத்த எல்லம்மாள் எப்படி உள்ள வெச்சா?" கோதண்டம் நிதானமாகக் கேட்டார். "எதையும் அதது எடத்துல வெச்சே உங்களுக்குப் பழக்கம். ஆளைத் தள்ளிட்டு வந்தும் வெச்சிட்டீங்க."

"உளறாதீங்க!"

"பாலைவனத்துல பஞ்சு பறக்குமா சார்? நூலுக்குப் போடற கஞ்சி பறக்குமா? அயோடின் பட்டா கஞ்சிதான் நீலமாவும். மெஷினுக்குக் கரண்ட் வேணும்னு மாமனார் தறிக்கொட்டாயில வெச்சு உறிஞ்சிட்டீங்க. தூசியில என்னென்ன இருக்குதுன்னு கங்காதரன் பிரிச்சுப் பார்த்தான். வெளிய சொல்றேன்னான்."

எல்லம்மாளின் கட்டை அவிழ்த்தார்கள். அவள் நேரே கீழே இறங்கிப்போய்ப் பிணத்தின் கண்களை மூடினாள்.

"அரசாங்கமே அனுப்பி வெச்சுதே. அந்தப் பாலைவனத்துக்கு ஏன் சார் போவல?" என்றார் கோதண்டம்.

பேராசிரியர் தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். கான்ஸ்டபிள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அவருக்கு ரயிலில் ஏறினால் வாந்தி வரும்.