பதியம் போட்ட வீடு

படகை வீடு என்று கணக்குக் காட்டினால், அதில் படுக்கை இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது வரித்துறை படகைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மண்டைக்குள்தான் பார்க்கிறது.

பவித்ராவின் கணவன் நவிலன் தலையில் அகமானியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளையம் போல ஒரு கருவி. கண்முன்னே இடங்களின் படங்கள் ஓடும். எந்தப் படத்தைப் பார்த்ததும் மனம் தன்னையறியாமல் 'இது என் வீடு' என்கிறதோ, அதற்குப் பச்சை விளக்கு எரியும். இரண்டாம் வீட்டுக்கு, அது படகாகவே இருந்தாலும், வரிவிலக்கு உண்டு என்று சட்டம் வந்ததும், ஊரில் உள்ள பணக்காரர்கள் எல்லாரும் உல்லாசத்துக்கு வாங்கிப்போட்ட படகைக் கூசாமல் வீடு என்று கணக்குக் காட்டினார்கள். அந்தப் புளுகுக்கு வைத்த ஆப்புதான் அகமானி.

அடையாறு ஃபிளாட்டின் படத்துக்குப் பச்சை எரிந்தது. முட்டுக்காட்டில் கட்டி நிறுத்தியிருக்கும் அவர்களுடைய படகுக்கு எரியவில்லை. விலக்கு கிடையாது, அபராதம் வேறு, கட்டாவிட்டால் படகு ஏலத்துக்குப் போகும் என்று அதிகாரி சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்.

ஆப்பு வைத்தால் அதைப் பிடுங்க ஆள் வராமலா போய்விடும்? டாக்டர்கள் ஒரு சிகிச்சையோடு வந்தார்கள். செடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்போமே, அதுபோல 'என் வீடு' என்கிற உணர்வை இன்னோர் இடத்தில் வேர்விட வைக்கும் சிகிச்சை அது. பதியம் என்றே பெயர். மருந்தை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தில் சில இரவுகள் தூங்கி எழ வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் போடக் கூடாது.

நவிலன் போட்டுக்கொண்டான். அடுத்த சோதனையில் படகுக்குப் பச்சை பளிச்சென்று எரிந்தது. பவித்ரா பாயசமெல்லாம் வைத்தாள், பாவம்.

அதற்குப் பிறகு அவன் படகிலேயே அதிகம் தங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டுக்கு வந்தவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, காபி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். கல்யாணமான நாளிலிருந்து காபியைப் பற்றி வாயே திறக்காத மனுஷன்! பிறகு தம்ளரைப் பதமாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்களேன், பவித்ரா."

நம்ம வீடு இல்லையாம், எங்க வீடாம். அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொல்கிற 'எங்க'. போதாக்குறைக்கு ஒரு 'வாங்க' வேறு.

"அந்த 'எங்க'ல நான் இருக்கேனா, இல்லையா?"

அவன் திகைத்தான். வாய் தவறி வந்துவிட்டது என்று சிரித்து மழுப்பினான். ஆனால் பொழுது சாய்ந்ததும், நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்துகொண்டான். மகள் நறுமுகை கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

பவித்ரா பதியம் போட்ட டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மனதில் வீட்டுக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம்தானாம். கிளை வேர்விட்டதும் தாய்ச்செடியிலிருந்து தானாகவே அறுந்துவிடுகிறதாம். முன்பு தெரியாதாம், இப்போது நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகிறதாம். என்ன பொறுப்பு பார்த்தீர்களா! மறுபடி ஃபிளாட்டிலேயே பதியம் போட்டுவிடலாம், கணவர் சம்மதித்தால் போதும் என்றார். நவிலன் சம்மதிக்கவில்லை. சொந்த வீட்டை விட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புருஷனும் பிள்ளையும் தானும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அது ஃபிளாட்டின் கூரையானால் என்ன, படகின் கூரையானால் என்ன? தானும் படகில் பதியம் போட்டுக்கொண்டு, கையோடு மகளையும் அங்கே அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அம்மா அப்பா இருக்கும் இடம்தானே பிள்ளைக்கு வீடு, அதற்கு மருந்து எதற்கு என்று நினைத்தாள்.

நறுமுகைக்குப் பயம். "நீயும் அப்பா மாதிரி ஆயிட்டா?"

"உன்னைப் பெத்தவடி நான். எப்படி மறப்பேன்? பையைக் கட்டி வை, வந்து கூட்டிட்டுப் போறேன்."

வீட்டில் இருக்கும் மகளைக் கவனித்துக்கொள்ளும்படி பக்கத்து ஃபிளாட் பர்வீனிடம் சொல்லிவிட்டு, பவித்ரா படகுக்குப் போனாள்.

மறக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளின் பெயர், பிறந்த நாள், பால் ஒத்துக்கொள்ளாத வயிறு, எல்லாம் நினைவிருந்தது. பதியம் வேர்விட்ட காலையில் உடம்பே லேசாகிவிட்டது அவளுக்கு. அலை தட்டும் சத்தமும் டீசல் வாசனையும் எத்தனையோ காலமாகப் பழகியவை போல இருந்தன. நவிலன் 'நம்ம வீடு' என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது. வரித்துறையில் அவளுக்கும் பச்சை எரிந்தது.

நறுமுகையைப் பார்த்து நாளாயிற்றே, ஒரு நடை போய் வரலாம் என்று அவன்தான் நினைவுபடுத்தினான். பார்க்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதா? வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கால் கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டார்கள். அடையாறு ஃபிளாட்டுக்குப் போய், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மணியை அழுத்தினார்கள்.

கதவு உடனே திறந்தது. நறுமுகை தோளில் பையோடு நின்றாள். கையில் இன்னொரு பை. தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

பவித்ராவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"எங்கயோ கிளம்பிட்ட போலிருக்கே. நாங்க வேற வந்து தொந்தரவு பண்ணிட்டோமா?"

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். அவள் கையில் இருந்த பழத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பைகளையும் மெதுவாகக் கீழே இறக்கி, கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இல்ல. வாங்க, உக்காருங்க. தண்ணி கொண்டு வரேன்."

பவித்ரா சோபாவின் நுனியில் உட்கார்ந்து தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.