பதில் வந்ததா?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஓய்வுபெற்ற தபால் ஆய்வாளரின் வீட்டுக் கதவைத் தட்டினார் அந்தப் பெண்மணி. ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவர். நகரமன்ற அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளியம்மா என்று பெயர். மனுவின் நகலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் மறுநாளே வந்து நிற்பார்.

தொலைந்த கடிதங்களைக் கண்டுபிடிப்பதில் ஆய்வாளர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். ஆய்வாளரின் மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார். காற்புள்ளியம்மா உட்காருமுன்பே பென்சிலும் கையுமாகத் தயாராகிவிட்டார்.

"நகரமன்றம் கதவைச் சாத்திக்கிட்டுக் கூட்டம் போடுது. எதுக்கு யாரு கை தூக்கினாங்கன்னு ஊருக்குத் தெரியாது. கதவைத் திறங்கன்னு ஒரு சங்கம் வச்சு நாலு வருஷமா மனு போடுறோம். ஆரம்பத்துல நாப்பது பேர். இப்ப நான், மருந்துக்கடைக்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரர், மூணே பேர்."

"தொலைஞ்சது என்ன?" என்றார் ஆய்வாளர்.

"நகரமன்றத்தோட பதில். மனுவை ஏத்துக்கிட்டாங்களாம். அஞ்சாம் தேதியே பதிவுத் தபால்ல வந்து சேர்ந்துடுச்சுன்னு இன்னைக்குக் காலையிலதான் குமாஸ்தா சொன்னார். வாங்கினதுக்கு எங்க சங்க முத்திரை குத்தியிருக்கு. அந்தக் கடிதத்தை நகரமன்றத்துக்குக் கொண்டுபோய் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். தவறினா மனு தள்ளுபடி. நானோ கடிதத்தைக் கண்ணால பார்க்கல."

"தபால் எங்க வரும்?"

"மருந்துக்கடைக்கு. முத்திரையும் அங்க பின்னறை மேஜையிலதான். கடைக்காரர் வெளிய போனா தையல்காரர் பார்த்துக்குவார்."

மச்சான் துள்ளினார். "அத்தான், தையல்காரர்தான்! நகரமன்றக் காவலாளிங்களுக்குச் சீருடை தைக்கிறதே அவர்தானே!"

"பொறு மச்சான்" என்ற ஆய்வாளர், காற்புள்ளியம்மா கொண்டுவந்திருந்த கூட்டக் குறிப்பேட்டை வாங்கினார். புதன்தோறும் நடக்கும் கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் அதில் பதிவாகிவிடும். தும்மலை மட்டும்தான் அவர் விட்டுவைத்திருந்தார்.

"'பதில் வந்ததா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இல்லை.' இது வாராவாரம் இருக்கே?" ஆய்வாளர் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். "பதினொண்ணாம் தேதி, பதினெட்டு, நேத்து. 'அடுத்த ஆண்டு வேலைகள் பற்றி மருந்துக்கடைக்காரர் பேசினார். தையல்காரர் சரி என்றார்.' எதையும் விட்டுட மாட்டீங்களே?"

"ஒரு சொல்லைக்கூட விடமாட்டேன்."

ஆய்வாளர் நிதானமாக எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை காற்புள்ளியம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். தன் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒரு புதன்கிழமை முடிந்தால் அடுத்த புதனை எண்ணத் தொடங்கிவிடுவார்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் மருந்துக்கடையின் பின்னறையில் கூடினார்கள். அலமாரி நிறையக் காலி அட்டைப்பெட்டிகள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மச்சான் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"நாலு வருஷமா ஒவ்வொரு கூட்டமும் ஒரே கேள்வியிலதான் ஆரம்பிக்குது" என்றார் ஆய்வாளர். "பதில் வந்ததா? கேட்கிறவர் ஒரே ஆள். காய்ச்சலோட வந்த அன்னைக்கும் கேட்டிருக்கார். அஞ்சாம் தேதிக்கு அப்புறம் மூணு கூட்டம் நடந்திருக்கு. ஒண்ணுலயும் கேட்கல. பதில் வந்தது தெரிஞ்சவர்தானே கேட்கிறதை நிறுத்துவார்?"

"தையல்காரர்?" மச்சானின் குரல் இறங்கியது.

"அவர் என்னைக்குமே அதைக் கேட்டதில்ல, மச்சான். கடிதத்தை எடுத்தவர் நகரமன்றத்துக்கு விலைபோன ஆளா இருந்தா, சந்தேகம் வராம இருக்கணும்னு விடாம கேட்டுக்கிட்டே இருப்பார். இந்தக் கடைக்காரருக்குப் பொய்யாக் கேட்க வாய் வரல."

மருந்துக்கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து வைத்தார். "நேத்து கொடுத்துடலாம்னு சட்டைப்பையில வச்சிருந்தேன். கதவு திறந்துட்டா சங்கம் எதுக்கு? சங்கம் போயிட்டா இந்த ரூமுக்கு யாரு வருவா? என் வீட்டுக்காரி போனப்புறம் புதன்கிழமைதான் என்கிட்ட மனுஷங்க பேசுற நாள். மத்த நாள்ல வர்றவங்க மருந்துப் பேரைச் சொல்லுவாங்க, போயிடுவாங்க."

காற்புள்ளியம்மாவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கடைக்காரர் சொன்னதில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"இது உங்க கடிதமும் இல்ல, என் கடிதமும் இல்ல. ஊரோட கடிதம்" என்று காற்புள்ளியம்மா உறையை எடுத்துக்கொண்டு அன்றே நகரமன்றத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அந்தப் பின்னறையில் கூட்டம் நடக்கவில்லை.

மறுமாதம் நகரமன்றம் முதன்முறையாகக் கதவைத் திறந்து வைத்தது. பார்வையாளர்களுக்கு இருபது நாற்காலிகள். காற்புள்ளியம்மா முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். ஒவ்வொரு உறுப்பினரும் கை தூக்குமுன் அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கூட்டம் பாதி நடக்கையில் யாரோ உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மருந்து வாசனையை வைத்தே அது யாரென்று தெரிந்தது. காற்புள்ளியம்மா திரும்பவில்லை.

குமாஸ்தா வருகைப் பதிவேட்டுடன் குனிந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களாம்மா?"

காற்புள்ளியம்மா பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார்.

"இல்ல" என்றார். "இன்னைக்குத் தனித்தனியாத்தான் வந்தோம்."