வாசலில் எழுதிய விலை

பொழுது புலர்ந்ததும் அந்தத் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகத் தம் விலையைச் சொல்லிக்கொண்டு கண்விழிக்கும். கதவின் வலப்புறம் உள்ளங்கை அகலத்தில் பதித்த விலைப்பலகை மெல்ல ஒளிரும். மூன்று கோடி, ஐந்தரைக் கோடி, இரண்டே முக்கால் கோடி என்று எண்கள் மலரும். நீராடி, நீறணிந்து, வாய்க்குள் பதிகம் ஓதியபடி மெய்கண்டான் வாசலுக்கு வந்தான். தன் வீட்டு எண்ணைக் கண்ட பிறகுதான் அவன் நாள் தொடங்கும். ஒன்றரைக் கோடி. தெருவிலேயே குறைந்த எண் அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் சாமர்த்தியத்தை எண்ணி உள்ளம் குளிர்வான்.

அன்று அந்த எண் சிவந்திருந்தது.

பொருநை மாநிலத்துக்கு அவர்கள் குடிவந்து ஐந்து மாதமாகிறது. முன்பு இருந்தது பாலாற்று மாநிலத்தில். அங்கே வீட்டுக்கு வரி இல்லை. ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. அவன் மனைவி பூங்கோதை, கடல்நீரை நன்னீராக்கும் சவ்வுகளை வடிவமைப்பவள். அவள் ஆண்டுக்கு ஈட்டிய அறுபது லட்சத்தில் இருபது லட்சம் வரியாகவே கரைந்தது. பொருநையில் வருமான வரி கிடையாது. மனைவரி ஒன்றுதான், வீட்டு விலையில் நூற்றுக்கு ஐந்து. அந்த விலையை எந்த அதிகாரியும் மதிப்பிட வருவதில்லை. வீட்டுக்கு உரியவர் சொல்வதே விலை. அதற்குச் சொல்விலை என்று பெயர்.

நான்கு கோடிக்கு வாங்கிய வீட்டுக்கு ஒன்றரைக் கோடி என்று சொல்லிவிட்டான் மெய்கண்டான். வரி ஏழரை லட்சம்.

"பத்திரத்துல கம்மியா காட்டுறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?" என்று அன்று மனைவியிடம் பெருமையாகக் கேட்டிருந்தான்.

சட்டத்தின் மறுபாதியை அவன் படிக்காமல் இல்லை, பொருட்படுத்தவில்லை. சொன்ன விலைக்கு வீட்டை எவர் வேண்டுமானாலும் கோரலாம். பலகையில் கை வைத்தால் போதும். மூன்று நாளுக்குள் பணம் கட்டினால் வீடு அவருடையது. குடியிருக்கும் வீட்டை யார் வந்து பறிப்பார்கள் என்று அவன் நினைத்தான். இப்போது யாரோ கை வைத்திருந்தார்கள்.

"உடனே வெலைய ஏத்துங்க" என்றாள் பூங்கோதை.

வரியகத்தின் குரலை அழைத்தான். அது மனிதக் குரல் அன்று. ஆயினும் இரக்கம் பயின்ற குரல். "கோரிக்கை நிற்கும்போது சொல்விலையை மாற்ற இயலாது, ஐயா. கோரியவர் பெயர் மூன்று நாள் மறைவாக இருக்கும். அதுவரை அவர் உங்களிடம் பேசினால் கோரிக்கை செல்லாது."

"அவர் பணம் கட்டலேன்னா?"

"கோரிக்கை காலாவதியாகும். விலையைத் திருத்த, எவரும் கோர முடியாத ஒரு நாள் உங்களுக்குக் கிடைக்கும். கோரியவர் இம்மாநிலத்தில் வாழ்நாள் முழுவதும் வேறெந்த வீட்டையும் கோர முடியாது. ஆகவே கட்டாமல் விடுபவர் மிகக் குறைவு, ஐயா."

உள்ளே மாமனார் தில்லைநாயகம் நடந்துகொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவருக்குப் பார்வை போயிற்று. பொருத்திய செயற்கைக் கண் நரம்போடு இணங்கவில்லை. இந்த வீட்டை அவர் உள்ளங்கையால் கற்றார். நிலை, தூண், குழாயடி, படிக்கட்டு என ஐந்து மாதம் ஒவ்வொன்றாய்த் தடவித் தடவி மனப்பாடம் செய்தார். இந்த வாரந்தான் எவர் கையும் பற்றாமல், சுவரும் தொடாமல் நடக்கிறார்.

"இன்னொரு வீடு மாத்துனீங்கன்னா என்னை ஒரு மூலையில உக்கார வச்சிடுங்க மாப்பிள்ளை. மறுபடியும் கத்துக்கத் தெம்பு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர். சிரிப்புக்குப் பின்னால் இருந்தது விளையாட்டு அன்று என்பது மெய்கண்டானுக்குத் தெரியும்.

அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாளும் கணவனும் மனைவியும் அடங்கிய குரலில் பேசினார்கள். ஒன்றரைக் கோடி கைக்கு வந்தால் இந்தத் தெருவில் பாதி வீடுகூட வாங்க முடியாது. பன்னிரண்டரை லட்சத்தை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு மனிதரின் நடையைப் பந்தயம் வைத்தோமே என்று மெய்கண்டான் உருகினான். பதிகத்தின் சொற்கள் பாதியில் அறுந்தன. எதிர்ப்பட்ட முகம் எல்லாம் பறிக்க வந்த முகமாகத் தோன்றியது. பக்கத்து வீட்டில் பறவூர்திப் பட்டறை வைத்திருந்த செண்பகவடிவுகூட அவனைக் கண்டதும் விருட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாலை, அந்தி செவ்வானமாய் விரியும் நேரத்தில், பலகையின் சிவப்பு அணைந்து எண் வெண்மையாயிற்று. பணம் வரவில்லை. அவன் நம்பாமல் விரலால் துடைத்துப் பார்த்தான்.

"துடைச்சா அழியாது அண்ணாச்சி!" செண்பகவடிவு கையில் எண்ணெய்க் கறையோடு சிரித்தபடி வந்தாள். "யப்பா, மூணு நாளா வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்து எனக்குத் தலையே வெடிச்சிருக்கும்."

"நீங்களா?"

"பெறவு? கம்மி வெலை போட்ட வீடாப் பாத்து வளைக்க அலையுத ரெண்டு விலைவேட்டைக்காரனுவ ஒங்க வீட்டைச் சுத்திச் சுத்தி அளந்துக்கிட்டு நின்னானுவ. ஒருத்தர் கோரிட்டா அடுத்தவன் கோர முடியாதுல்லா? நான் முந்திக்கிட்டேன். வெலையைக் கூட்டுங்கன்னு ஒங்ககிட்ட மூணு தடவ சொன்னேன். நீங்க என்னமோ எனக்குப் பொறாமைன்னு நெனச்சிய."

அப்படித்தான் நினைத்திருந்தான். முகம் சுட்டது. "இனிமே வாழ்நாளெல்லாம் உங்களால வேற வீடு கோர முடியாதே?"

"எனக்கு எதுக்கு இன்னொரு வீடு? இருக்க வீட்டைப் பெருக்கவே நேரமில்ல. இந்தத் தெருவுல பாதிப் பேரு கை இனிமே கோர முடியாத செத்த கைதான் அண்ணாச்சி. வெளியூர்ல இருந்து வாரவுக எல்லாரும் மொத வருசம் இதே கூத்தைத்தான் பண்ணுதாவ. என் வீட்டுக்கு எதிர்வீட்டு வாத்தியார் கை வச்சாரு." உள்ளே எட்டிப் பார்த்தாள். "மதினி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கான வெலைய எழுதுங்க. எழுதலேன்னா, நானே வந்து வெரட்டிருவேன்."

அவன் கைகூப்பினான். அவள், "சரி சரி, கோயில்ல கும்பிடுங்க" என்று பட்டறைக்குத் திரும்பினாள்.

பூங்கோதை பலகையின் முன் நின்றாள். "எவ்வளவு குடுத்தா இந்த வீட்டை மனசாரக் குடுப்போம்?"

பாலாற்று மாநிலத்தில் ஈட்டியதற்கு மட்டும் கணக்குக் கேட்டார்கள். அன்பு வைத்ததற்கு எண் கேட்கும் ஊர் இது.

"நாலு?" என்றான்.

"குடுத்துடுவீங்களா?"

"மாட்டேன். நாலரை?"

அவள் ஐந்து கோடி என்று எழுதினாள். வரி இருபத்தைந்து லட்சம் என்றது பலகை. பழைய மாநிலத்திலேயே இருந்திருந்தால் ஐந்து லட்சம் குறைவு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவள் அவள்தான். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய.

தில்லைநாயகம் வாசலுக்கு வந்தார். "என்ன மாப்பிள்ளை, அப்படி என்ன சிரிப்பு?"

"வரி ஏறிப்போச்சு மாமா. இருபத்தஞ்சு லட்சம்."

"அதுக்கு அழணுமே?"

"அழுது முடிச்சாச்சு மாமா."

"நல்ல குடும்பம்!" என்றார் அவர். "காப்பி கலக்கப் போறேன். உங்களுக்கும் வேணுமா?"

விடைக்குக் காத்திராமல் திரும்பினார். கூடம் கடந்து, தூணுக்கு இடப்புறம் ஒதுங்கி, இரண்டு படி இறங்கி, சுவரைத் தொடாமல் அடுக்களைக்குள் போனார்.