உட்கார்ந்து காட்டுங்க, அக்கா

அப்பாவின் முதுகுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது. வாரம் முழுக்கக் கிடங்கில் மூட்டை தூக்கிய வலி லீவு நாள் பார்த்துத்தான் வேலையைக் காட்டும். குனிந்து செருப்பு மாட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஆனாலும் வெளியே போயே ஆக வேண்டும். அம்மாவுக்கு அன்றும் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. ஒற்றை அறைக்குள் இரண்டு பிள்ளைகளை அடைத்து வைத்தால் அந்த அறை தாங்காது. போகிற இடத்தில் டிக்கெட் கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம். ரயில் பாலம், வண்ண மீன் கடை, நூலகம் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வாரம் இடம் சொல்லும் முறை துருவியுடையது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

பெரிய மரச்சாமான் கடைக்குப் போகலாம் என்றாள். பார்ப்பதற்கு யார் காசு கேட்கப் போகிறார்கள்?

கடைக்குள் ஜில்லென்று இருந்தது. வீடுகளை நடுவில் வெட்டித் திறந்து வைத்தாற்போல் வரிசையாக அறைகள். துருவி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். டிவி வெறும் அட்டை. கூடையிலிருந்த ஆப்பிள் பிளாஸ்டிக். தம்பி குழாயைத் திருகினான்; அது கையோடு வந்துவிட்டது. இருவரும் அதை அவசரமாகச் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோனார்கள்.

கட்டில்கள் இருந்த இடத்தில் ஒரு பலகை தொங்கியது. 'முதுகு வலிக்கு விடை கொடுங்கள். படுத்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சும்மா ஒரு நிமிஷம் என்று சாய்ந்தவர், பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அப்பா ஆஃப் ஆயிட்டாரு" என்றான் தம்பி.

கறுப்பு ஷூ போட்ட விற்பனைக்கார அக்கா ஒருத்தி ஓடி வந்தாள். மேனேஜர் பார்த்தால் சத்தம் போடுவார், எல்லார் முன்னாலும் உங்கள் அப்பாவுக்குத்தான் அசிங்கம், எழுப்பிவிடு என்றாள்.

துருவி அப்பாவைப் பார்த்தாள். இரவெல்லாம் பாயில் புரண்டு புரண்டு முனகுகிறவர், இப்போது விரலைக்கூட அசைக்கவில்லை.

"முதுகு வலியில வீட்டுல தூங்கவே மாட்டாருக்கா. கொஞ்ச நேரம் விடுங்களேன்."

அக்கா பெருமூச்சு விட்டாள். "சரி, நான் பாக்கல. மேனேஜர் வந்தா நீயாச்சு, அவராச்சு."

சொன்னவள் பக்கத்திலேயே நின்றாள். ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டாள். பிறகு கால் மாற்றிக்கொண்டாள். துருவியால் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை நாற்காலி இருக்கும்போது ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இங்கே வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாதாம். வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் உட்கார்ந்து காட்டலாமாம்.

துருவி கொஞ்சம் யோசித்தாள்.

"நான் வாடிக்கையாளரா?"

"உள்ள வந்தவங்க எல்லாரும்தான்."

"அப்ப இந்த நாற்காலியில உக்காந்து காட்டுங்கக்கா."

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் தானாகத் தளர்ந்தது.

துருவி கேள்விகளை அவிழ்த்துவிட்டாள். உள்ளே பஞ்சா, ஸ்பிரிங்கா? குண்டானவர் உட்கார்ந்தால் கிரீச்சிடுமா? கை வைக்கும் இடத்தில் டீ சிந்தினால் என்ன ஆகும்? அக்கா கால்களை நீட்டிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள். அது முடிந்ததும் பச்சை நாற்காலி. அதில் உட்கார்ந்து பாதிக் கேள்விகள்தான் முடிந்திருந்தன, மேனேஜர் வந்துவிட்டார். அக்கா துள்ளி எழுந்தாள்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார் அவர்.

துருவி அவரை நேராகப் பார்த்தே சொன்னாள். "நான் நாற்காலி பாக்கறேன். எங்கப்பா மெத்தை பாக்கறாரு."

"இதான் பாக்கறதா?"

"படுத்துப் பாக்கச் சொல்லி நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க. எவ்வளவு நேரம்னு எழுதலையே."

மேனேஜர் பலகையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அதற்குள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கட்டிலருகே வந்து நின்றது. மனுஷன் இப்படித் தூங்குகிறாரே, இந்த மெத்தை என்ன விலை என்று கேட்டது. மேனேஜர் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு விலை சொல்லப் போனார். போகும்போது குனிந்து துருவியிடம் கிசுகிசுத்தார்.

"குறட்டையை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

அப்பா தானாக விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. திடுக்கிட்டு எழுந்து விரிப்பைத் தடவித் தடவிச் சரிசெய்தார். ஏன் எழுப்பவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டார். ஆனால் செருப்பை மாட்டக் குனிந்தவர் முனகவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, அடுத்த ஞாயிறு இடம் சொல்வது தன் முறை என்று தம்பி நினைவுபடுத்தினான். அதே கடைக்குப் போக வேண்டும் என்று துருவி அவனிடம் அந்த முறையை இரவலாகக் கேட்டாள். பார்த்த கடையையே எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்றார் அப்பா.

"நீங்க மத்தியானம் பூரா தூங்கினீங்கப்பா. அந்த அக்கா ஒன்றரை நாற்காலிதான் உக்காந்தாங்க. மீதி பாக்கி இருக்கு."