காலி அறையின் மூச்சு

காலி அறையின் கோடு ஏறத் தொடங்கியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு கோடுகள். சிவப்புக் கோடு, கணவர் தூங்கும் பெரிய அறை. அது ஏறுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓர் ஆள் தூங்கினால், அவர் விடும் மூச்சில் அறைக்குள் கரியமில வாயு சேர்ந்துகொண்டேதான் போகும். நீலக் கோடு, எதிரே இருக்கும் சின்ன அறை. கதவு சாத்தி, ஜன்னல் இடுக்குகளில் நாடா ஒட்டி, மாதக் கணக்கில் யாரும் படுக்காத அறை. தரையோடு தரையாகக் கிடக்கவேண்டிய அந்தக் கோடு, பாயிலிருந்து சோம்பலாக எழுந்திருக்கும் ஆளைப்போல மெல்லத் தலை தூக்கியிருந்தது.

வெளியே மத்தியானம்தான். ஆனால் எல்லைக்கு அப்பால் காடுகள் எரிந்த புகை ஊரையே மூடியிருந்ததால், தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன. எதிர்வீட்டு மாடியும் அதன் கொடியில் மறந்துபோன துணிகளும் மங்கிய பழுப்பாகத் தெரிந்தன. எங்கோ ஒருவர் இருமினார். அவர் நிறுத்தியதும், அதற்காகவே காத்திருந்ததுபோல் இன்னொருவர் ஆரம்பித்தார்.

பல நாடுகளில் உள்ள காற்றளவு நிலையங்களை ஒரே வலையில் கோத்து, ஒருவர் எண்ணை மற்றவர் உடனுக்குடன் பார்க்கும்படி செய்வது அவள் வேலை. ஒரு நாடு கேட்டதும் தரும். இன்னொன்று கடிதத்துக்கு மேல் கடிதம் கேட்கும். மூன்றாவது, ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது எங்கள் காற்று சுத்தம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பதுதான் அவளுடைய உத்தியோகம். வாயைத் திறந்தால் "பகிருங்கள்" என்ற சொல்தான் வரும். அதனாலேயே கணவர் அவளைப் 'பகிருங்கம்மா' என்று கேலி செய்வார்.

புதுக் கருவிகள் வந்தால், வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புமுன் ஒன்றை ஆளிருக்கும் அறையிலும் ஒன்றை ஆளில்லாத அறையிலும் வைத்து ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். புகைக்காக அலுவலகத்தை மூடிவிட்டதால் இந்த முறை அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் ஒரு காலி அறை இருந்தது. போன புகைக்காலம் வரை அது காலியாக இருக்கவில்லை.

"உங்க காலி ரூம்ல யாரோ குடி வந்துட்டாங்க போலிருக்கே மேடம்," என்றார் தீவுக்காரர், திரைக்குள் இருந்து. நடுக்கடலில் ஒரு தீவு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர்; கருவிகளைச் சரிபார்ப்பதில் இரண்டாவது கண் அவருடையது. அது யாருடைய அறை என்று அவருக்குத் தெரியாது.

"கருவி பொய் சொல்லுது சார்."

"இருக்கலாம். ரெண்டையும் இடம் மாத்தி வைங்க. பொய்யா இருந்தா கருவியோடவே கிளம்பிப் போயிடும். உண்மையா இருந்தா அங்கயேதான் இருக்கும்."

அவள் எழுந்து போய்ச் சின்ன அறையைத் திறந்தாள். மருந்து ஆவியின் வாசனை, குழந்தைச் சோப்பின் வாசனை, இரண்டுக்கும் அடியில் எதையும் விட்டுவைக்காத புகை. கட்டிலில் மஞ்சள் போர்வை விரித்தபடி இருந்தது. சுவரில் ஒட்டிய காகித மீன்களில் ஒன்று, வால் பக்கம் பசை விட்டுப்போய், காற்றே இல்லாத அறையில் லேசாக அசைந்தது. அடைத்துக் கிடக்கும் அறையில் காற்று ஊசிப்போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே அப்படி இல்லை. முகத்தருகே யாரோ இப்போதுதான் விட்டதுபோல அது வெதுவெதுப்பாக இருந்தது.

கருவிகளை மாற்றி வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தாள்.

மறுநாளும் கோடு ஏறியது. கருவி மாறியிருந்தது, பொய் கிளம்பிப் போகவில்லை.

அன்றுதான் அந்தக் கோட்டின் சாயலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். மகள் குட்டிக்கு ஆஸ்துமா. குட்டி உயிரோடு இருந்தபோது கட்டிலுக்கு மேல் ஒரு கருவி எப்போதும் தொங்கும். அம்மாக்காரி வேலைக்கு நடுவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவர்களின் கோடு விறுவிறுவென்று ஏறும், குட்டியுடையது சாய்வாக, பயந்து பயந்து ஏறும். நடுவில் ஒரு பள்ளம் விழும். இருமல் தாங்காமல் எழுந்துவந்து கதவைத் திறந்து "அம்மா" என்று கூப்பிடும் நேரம் அது. இந்தக் கோடு அதே சாய்வு. பள்ளம் மட்டும் இல்லை. குட்டி இருமாமல் தூங்கினாள்.

பயந்தாள்தான். பொய் சொல்வானேன், மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே சந்தோஷமும் வந்தது. வெட்கங்கெட்ட, அழுகை கலந்த சந்தோஷம். போன ஆண்டு இதே புகை புறப்பட்டபோது எல்லைக்கு அப்பாலிருந்த நிலையங்கள் எண்களைத் தராமல் பொத்தி வைத்திருந்தன. ஒரு நாள் முன்னால் தந்திருந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள். எண்கள் வந்து சேர்ந்தபோது குட்டி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள். இப்போது இந்தக் கோட்டை யார் தந்தார்கள், எங்கிருந்து தந்தார்கள் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மத்தியானங்களில் கோட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சின்ன அறை வாசலைக் கடக்கும்போது காலடியை மெதுவாக வைத்தாள். கதவடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அடைத்தாள்.

கணவர் இளைத்துக்கொண்டே போனதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். நகரப் பேருந்து ஓட்டுபவர். விடியுமுன் போய், மத்தியானம் வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்து எழுந்து வர ஆரம்பித்தார். உதட்டில் நீலம் தட்டியது.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"எல்லாருக்கும் இருக்கிறதுதான். புகை," என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

தீவுக்காரர் மறுபடி அழைத்தபோது குரலில் கேலி இல்லை.

"மேடம், அந்த ரெண்டு கோட்டையும் கூட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்கு சார்?"

"கூட்டினா எப்பவும் ஒரே ஆள்தான் வருது. ஒரு பெரிய ஆள். சின்ன ரூம் எவ்வளவு ஏறுதோ, பெரிய ரூம் அவ்வளவு எறங்குது. ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஏதாவது குழாய் போகுதா?"

"இல்ல."

"நேத்து அந்தப் பெரிய ரூம்ல தூங்கினவரு பாதி மூச்சுதான் விட்டிருக்காரு. இன்னைக்கு அதுவும் இல்ல. யாரு மேடம் அது?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

பெரிய அறையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை போலும். ஜன்னலின் பழுப்பு வெளிச்சம் விழுந்த முகத்தில் எலும்பெல்லாம் தெரிந்தது.

"என்னங்க. அந்த ரூமுக்குப் போனீங்களா?"

அவர் மறைக்கவில்லை. "வாசல்லதான் நின்னேன். 'மூச்சு முட்டுதுப்பா'ன்னு குட்டி சொன்னா. ஆஸ்பத்திரில சொன்னாளே, அதே மாதிரி. அன்னைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"அது உங்கள இழுத்துக்கிட்டுப் போகுதுங்க."

"அதுன்னு சொல்லாத." கொஞ்ச நேரம் காற்றைத் தேடினார். "நீ நாடு நாடா பகிருங்க பகிருங்கன்னு கேக்குற. நான் வீட்டுக்குள்ள பகிர்ந்துக்கிட்டேன். அவ்வளவுதான் பகிருங்கம்மா."

அவள் அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டதை நினைத்து அழுதாள். எத்தனையோ மத்தியானங்கள் அந்தக் கோட்டை அவளும்தானே சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியிருந்தாள். சின்ன அறை ஜன்னலைத் திறந்தால் அடைத்து வைத்த மூச்சு கலைந்துபோகும். இவர் பிழைப்பார். குட்டி இரண்டாம் முறை போவாள்.

"நான் ஜன்னலத் திறக்கப்போறேன்."

"வேணாம். புகை வரும். அவளுக்கு ஆகாது," என்றவர் அப்படியே கண்ணயர்ந்தார்.

அவள் கூடத்துக்கு வந்தாள். சிவப்புக் கோடு தரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

துண்டை உதைத்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். கட்டிலைப் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய் நாடாவின் முனையை நகத்தால் கிளப்பி இழுத்தாள். பிசின் விடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அது நின்றபோது இன்னொரு சத்தம்.

மூச்சு.

பின்னால். கட்டிலிலிருந்து. சீரான, நல்ல மூச்சு.

திரும்பினாள். மஞ்சள் போர்வை எழுந்தது. தாழ்ந்தது. அதற்கடியில் சின்னதாய் ஒரு மேடு.

நாடாவின் அவிழ்ந்த இடுக்கில் நூலாகப் புகை நுழைந்தது. மூச்சு தடுமாறியது. வேகம் கூடியது. பிறகு அந்த விசில் சத்தம். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் விசில். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிச் சுவர்கள் முழுக்க ஒலித்த அதே விசில்.

இன்னும் ஒரு இழுப்பு. போதும். ஜன்னல் திறந்துவிடும்.

கை வரவில்லை.

விசில் கூடியது. போர்வை துடித்தது.

அவள் நாடாவை மறுபடி ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். ஒரு இடுக்கு விடாமல். விசில் குறைந்தது. நின்றது. சீரான மூச்சு.

எதிர் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க?"



பிறகு எதிர் அறைக் கட்டில் கிரீச்சிட்டது. காலடிகள். கூடத்தைக் கடந்து வந்தன. கணவர் வாசலில் நின்றார். நிதானமாக உள்ளே வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வைமேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். முகம் அமைதியாக இருந்தது. களைப்பே இல்லை. கண் இமைக்கவில்லை. மார்பு அசையவில்லை.

அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். உதடுகள் பேசின. சத்தம் வரவில்லை. சத்தத்துக்கு மூச்சு வேண்டும்.

உதடுகள் திரும்பவும் அதையே சொன்னன. இந்தமுறை அவளுக்குப் புரிந்தது.

*நீயும்.*

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போர்வை எழுந்தது. தாழ்ந்தது. அதற்கடியில் இருந்தது, நல்ல தூக்கத்தில் பிள்ளைகள் செய்வதுபோல, மெல்லப் புரண்டு அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தது.